அமுக்கினால் மின்தரும் பீங்கான்

மார்கழி மாதத்து விடியற்காலை. ஹட்டன் நகரின் மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் தலையிலே படங்கைப் போர்த்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறுகிறார்கள். நம் வீட்டு அடுப்படியிலே 'டக்' என்று ஓர் ஒலி. சின்னஞ்சிறு நீலப் பொறியொன்று தெறிக்கிறது. காஸ் அடுப்பு பற்றிக்கொள்கிறது. தேநீருக்குத் தண்ணீர் ஏறிவிட்டது.

இந்த 'டக்' என்ற ஓசையைப் பற்றி நாம் ஒருநாளாவது சிந்தித்ததுண்டா? எனக்கும் அச்சிந்தை தானாக வரவில்லை. ஒரு மாணவிதான் வரவழைத்தாள். பழுதடைந்த லைட்டர் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, "சேர், இதுக்குள்ள பெற்றரியும் இல்ல, சக்கிமுக்கிக் கல்லும் இல்ல. அப்ப நெருப்பு எங்க இருந்து வருது?" என்று கேட்டாள். இருவருமாக அதைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு வில்சுருள். ஒரு சிறு சுத்தியல். அந்தச் சுத்தியல் அடிக்கும் இடத்திலே பென்சில் துண்டைப்போன்ற ஒரு பீங்கான் உருளை. அவ்வளவே! அந்தப் பீங்கானின் மேல் அடி விழுந்ததும் பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும் அந்த மின்னே நாம் காணும் நீலப் பொறி.

அமுக்கினால் மின்னைத் தரும் இப்பண்பை அமுக்க மின்விளைவு என்பர். இதன் மறுபக்கமும் உண்டு. அப்பீங்கானுக்கு மின்னைக் கொடுத்தால் அது மயிரிழையினும் சிறிதளவு நீண்டு சுருங்கும். மின்னை விரைந்து மாற்றினால் அது விரைந்து அதிரும். அதிர்ந்தால் ஒலி பிறக்கும். கருவுற்ற தாயின் வயிற்றிலுள்ள சிசுவைக் காட்டும் 'ஸ்கேன்' கருவியின் முனையில் இருப்பதும் இதே இனத்துப் பீங்கான்தான். அதுவே ஒலியை அனுப்புகிறது. எதிரொலியைக் கேட்பதும் அதுவே. வாயும் செவியும் ஒன்றான விந்தைப் பொருள் அது!

சாம்பலை இழுத்த இலங்கைக் கல்

இந்த விஞ்ஞானத்தின் வேர் எங்கோ தொலைதூரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். அது நமது தீவிலேயே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் இங்கிருந்து ஒருவகைக் கல்லைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். தணலருகே வைத்துச் சூடாக்கினால் அக்கல் சாம்பலைத் தன்பால் இழுத்தது. பின்னர் உதறித் தள்ளியது. அதற்கு அவர்கள் 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயரிட்டனர். அதுவே தூர்மலின் என்னும் கல். இப்பெயரே சிங்களத்துத் 'தோரமல்லி' என்ற சொல்லிலிருந்து பிறந்தது.

1747ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதனை 'மின்கல்' என்றார். 1756இல் ஏபினஸ் என்பார், சூடேறிய கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிரான மின்னேற்றங்கள் தோன்றுவதை நிறுவினார். 1880இல் பாரிஸ் நகரத்து இளைஞர்களான ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர் இருவர், சூடாக்காமல் அமுக்கினாலே போதும், மின்னேற்றம் தோன்றும் என்று கண்டனர். அவர்கள் சோதித்த பொருள்களிலே தூர்மலின் இருந்தது. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் இருந்தது. நம் வீட்டுச் சீனியும் இருந்தது!

இதனோடு நெருங்கிய உறவுடைய ஒரு காட்சியை மாணவர்கள் வீட்டிலேயே காணலாம். நன்றாக இருட்டிய அறையிலே கண் பழகும்வரை கால்மணி நேரம் இருங்கள். பின்னர் ஒரு கற்கண்டுத் துண்டைக் குறட்டால் நெரியுங்கள். மங்கிய ஒளியொன்று கணப்பொழுது மின்னக்கூடும். உடையும் பளிங்கிலே மின்னேற்றங்கள் பிரிந்து மீண்டும் கூடும்போது எழும் ஒளி அது.

கல்லிலிருந்து பீங்கானுக்கு

இயற்கைக் கல்லை வேண்டிய வடிவில் அறுப்பது கடினம், விலையும் மிகுதி. முதலாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியப் பிரான்சு நாட்டு லாங்கெவின் குவார்ட்ஸ் தகடுகளையே நம்பியிருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய நாடுகளில் தனித்தனியே ஒரு புதிய பொருளின் வியத்தகு மின்பண்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதுவே பேரியம் தைத்தனேற்று. மாவாக அரைத்து, அச்சில் அமுக்கி, சூளையிலே சுட்டெடுக்கத்தக்க பொருளாதலால் கோப்பை வடிவிலும் செய்யலாம். குழாய் வடிவிலும் செய்யலாம்.

அதன் உள்ளமைப்பை எளிதாகச் சொல்லலாம். ஒவ்வொரு நுண்ணிய பெட்டியின் நடுவிலும் ஒரு தைத்தேனியம் அயன் இருக்கிறது. ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் அது சரியாக நடுவிலே நிற்கும். சூடு தணிந்ததும் நடுவைவிட்டு ஒரு பக்கம் சற்றே ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஒதுக்கமே பெட்டியின் ஒரு பக்கத்தை நேராகவும் மறுபக்கத்தை எதிராகவும் ஆக்கிவிடுகிறது. பெட்டியை அமுக்கினால் ஒதுக்கத்தின் அளவு மாறும். உடனே மேற்பரப்பில் மின்னேற்றம் தோன்றும்.

ஆனால் பீங்கான் என்பது ஒரே பளிங்கு அன்று. கோடானுகோடி நுண்மணிகள் இறுகிய கூட்டம் அது. பாடசாலை மணி அடிக்குமுன் மைதானத்திலே பிள்ளைகள் ஆளுக்கொரு திசையை நோக்கி நிற்பதுபோல், ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையைப் பார்த்திருக்கும். ஒன்றின் மின்னை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே சுட்டெடுத்த வில்லையின் இருபுறமும் வெள்ளிப்பூச்சுப் பூசி, சூடான எண்ணெயிலே அமிழ்த்தி, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ற்று என்ற அளவில் மின்புலம் கொடுக்கிறார்கள். அப்போது மணிகள் யாவும் இயன்றவரை ஒரு திசை நோக்குகின்றன. அதன் பிறகே பீங்கானுக்கு உயிர் வருகிறது எனலாம்.

1950களில் இதனினும் வலிய வேறொரு பொருள் வந்தது. ஈயம், சிர்க்கோனியம், தைத்தேனியம் மூன்றும் கலந்த ஒட்சைட்டு அது. 1954இல் அமெரிக்காவில் யாஃபே குழுவினர் அதன் அமுக்க மின்பண்பை வெளியிட்டனர். இன்று நம் லைட்டரிலும் ஸ்கேன் முனையிலும் இருப்பது பெரும்பாலும் அதுவே.

மணி ஏன் சிறுக்க வேண்டும்?

கருப்பையை நோக்கும் ஸ்கேன் முனை ஒன்றை எண்ணிப் பாருங்கள். செக்கனுக்கு ஐம்பது இலட்சம் முறை அதிர வேண்டுமானால் பீங்கான் தகட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்க வேண்டும். அந்தத் தகட்டையும் மயிர்போன்ற கீற்றுகளாக அறுக்க வேண்டும். மணிகள் பருத்திருந்தால் அறுக்கும்போது விளிம்பு பொரிந்து உதிரும். பருமணிப் பீங்கான் எளிதில் விரிசல் காணும். நுண்மணிப் பீங்கானோ வலிமையுடையது. மெல்லிய தகடாக்கினாலும் தாங்கும்.

அதுமட்டுமன்று. பேரியம் தைத்தனேற்றில் மணியின் அளவு ஒரு மைக்கிரோனை, அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை, ஒட்டி அமையும்போது அதன் மின்பண்புகள் வெகுவாக உயர்கின்றன. வழக்கமான முறையில் செய்த வில்லை ஒரு நியூற்றன் விசைக்கு ஏறத்தாழ 190 பிக்கோகூலோம் மின்னேற்றம் தரும். 2007இல் ஜப்பானில் கராக்கி குழுவினர் மணியை ஒன்றரை மைக்கிரோன் அளவில் நிறுத்தி 460 வரை பெற்றனர். பொருள் ஒன்றே, மணி சிறுத்தது, பயன் இரு மடங்குக்கு மேலாயிற்று. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. மணியை மேலும் மேலும் சிறுக்க வைத்தால், தைத்தேனியம் அயனின் அந்த ஒதுக்கமே குன்றி, பண்பும் தேய்ந்துவிடும்.

குறைந்த செலவில் நுண்மணி

பழைய முறையைப் பார்ப்போம். 197 கிராம் பேரியம் காபனேற்றையும் 80 கிராம் தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் சேர்த்தரைத்து, ஆயிரம் பாகைக்கு மேல் சுட்டால், 44 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேற 233 கிராம் பேரியம் தைத்தனேற்று மிஞ்சும். அதை மீண்டும் அரைத்து, வில்லையாக அமுக்கி, 1300 பாகைக்கு மேல் மணிக்கணக்கில் சுடவேண்டும். இங்கேதான் சிக்கல். நீண்ட நேரம் சுடச்சுட, பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதுபோல், பெரிய மணி சிறிய மணியை விழுங்கிப் பருக்கிறது. நுண்மணி வேண்டுமானால் தொடக்கத் தூளும் நுண்மையாக இருக்கவேண்டும், சூடும் அடங்கியிருக்கவேண்டும். விலையுயர்ந்த இயந்திரமின்றி இதைச் செய்வதெப்படி?

வழிகள் பல உண்டு. முதலாவது, கரைசலில் கலப்பது. இரண்டு தூள்களை எவ்வளவு அரைத்தாலும் அணுவோடு அணு கலப்பதில்லை. கரைத்துவிட்டாலோ கலந்துவிடும். 1956இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒட்சலிக்கமிலத்தைக் கொண்டு பேரியத்தையும் தைத்தேனியத்தையும் ஒரே வீழ்படிவாக இறக்கினர். 1967இல் பெச்சினி என்பவர் காப்புரிமை பெற்ற முறை இன்னும் எளிது. எலுமிச்சம்பழத்திலுள்ள சித்திரிக்கமிலமே அதில் உலோக அயன்களைப் பற்றிப் பிடித்துக்கொள்கிறது. கரைசலை வற்றக் காய்ச்சினால் பாகு. பாகை எரித்தால் நுண்தூள். நம் அன்னையர் பனங்கட்டிப் பாகு காய்ச்சும் பக்குவத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

இரண்டாவது வழி நம் அயல்நாட்டிலே செழித்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் கே. சி. பாட்டீல், உலோக நைத்திரேற்றுக் கரைசலோடு யூரியாவைச் சேர்த்து 500 பாகை உலையில் வைத்தார். கலவை கொதித்து, நுரைத்து, தானே தீப்பற்றியது. அந்தத் தீயின் வெப்பமே வேண்டிய வேதியலை முடித்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் நுண்ணிய ஒட்சைட்டுத் தூள் கையில்! 1988இல் அலுமினாவுக்காக வெளிவந்த இம்முறை, பின்னர் அமுக்க மின்பீங்கான் தூள்களுக்கும் பயன்பட்டது. பல மணிநேரம் உலையை எரிக்கும் செலவு இதில் மிச்சமாகிறது. தேயிலைச் செடிக்கு இடும் யூரியா இங்கே விறகாகிறது!

மூன்றாவது வழிக்குக் கறியுப்பே துணை. கறியுப்பையும் பொட்டாசியம் குளோரைட்டையும் கலந்து உருக்கினால், அவ்வுருகலுக்குள்ளேயே தூள்கள் விரைவாகக் கூடி நுண்பளிங்குகளாகின்றன. ஆறியபின் நீரால் கழுவினால் உப்பு போய்விடும், தூள் நிற்கும்.

நான்காவது வழி தூளைப் பற்றியதன்று; தீயைப் பற்றியது. விறகடுப்பிலே சோறு பொங்கியதும் நம் தாய்மார் என்ன செய்வர்? எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலிலே விடுவர். தீயை அப்படியே விட்டால் சோறு குழையும். முற்றாக அணைத்தால் வேகாது. 2000ஆம் ஆண்டில் சென், வாங் என்ற இரு அறிஞர் வேறொரு பீங்கானில் இதையே செய்து காட்டினர். வில்லையை உயர்ந்த சூட்டுக்குச் சிறிது நேரம் ஏற்றி, உடனே சூட்டைக் குறைத்து, அந்நிலையில் நீண்ட நேரம் வைத்தனர். பீங்கான் இறுகியது, மணியோ வளரவில்லை. மேலே கூறிய ஜப்பானியர் 460ஐ எட்டியதும் இவ்விதமே. 1320 பாகையில் ஒரு நிமிடம். 1150 பாகையில் பதினைந்து மணிநேரம். இதற்குப் புதிய உலை தேவையில்லை. உள்ள உலையைப் பக்குவமாக எரிக்கத் தெரிந்தால் போதும்.

2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ராண்டல் குழுவினர் இன்னுமோர் படி சென்றனர். தூளோடு சிறிது நீர்க்கரைசலைச் சேர்த்துப் பேரமுக்கத்தில் 180 பாகையிலேயே பேரியம் தைத்தனேற்றை இறுகச் செய்தனர். பிறகு 900 பாகையில் ஒருமுறை சூடாக்கினால் போதுமாயிற்று. சுடுவதற்கு முன் இறுக்கிவிடும் வித்தை இது!

ஒரு எச்சரிக்கை

இவ்வளவும் படித்த மாணவன் ஒருவன் வீட்டு அடுப்பிலே செய்து பார்க்கப் புறப்பட்டுவிடக் கூடாது. பேரியம் காபனேற்று எலிப் பாஷாணமாகப் பயன்பட்ட நஞ்சு. ஈயம் கலந்த பீங்கானில் நிறையில் பாதிக்கு மேல் ஈயமே. சூளையின் சூட்டில் ஈய ஒட்சைட்டு ஆவியாகிக் காற்றிலே கலக்கும். சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது நிரந்தரமாகக் கெடுக்கும். நைத்திரேற்றுக் கலவை தீப்பற்றும்போது நச்சுவாயுவும் எழலாம். ஆய்வுகூடமும் ஆசிரியரும் காற்றோட்டமும் இன்றி இவற்றைத் தொடவே கூடாது. 'குறைந்த செலவு' என்பது உயிரை விலையாகக் கொடுப்பதன்று. ஈயமில்லாத பேரியம் தைத்தனேற்றை நுண்மணியாக்கி வலுப்படுத்த அறிஞர் முயல்வதன் பொருளும் இதுவே.

ஆபத்தில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். பழைய அலாரக் கடிகாரத்தில் அல்லது பாடும் வாழ்த்து மடலில் பித்தளை வட்டத்தின்மேல் வெண்ணிறப் பூச்சுடன் ஒரு தகடு இருக்கும். அந்த வெண்மையே அமுக்க மின்பீங்கான். அதன் இரு கம்பிகளையும் ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கில் இணைத்து, இருட்டிலே தகட்டை விரலால் தட்டுங்கள். தட்டுந்தோறும் விளக்குக் கண்சிமிட்டும். என் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டிய சோதனை இது. விரலில் ஈயம் ஒட்டாதிருக்க, அந்த வெண்பூச்சைச் சுரண்டாதீர்கள். முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

மணல் போகிறது, கருவி வருகிறது

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணல் கறுத்திருக்கும். அதில் பெரும்பகுதி இல்மனைற்று. அதனோடு ரூற்றைல், சிர்க்கோன் என்ற கனிமங்களும் உண்டு. இல்மனைற்றிலும் ரூற்றைலிலும் இருப்பது தைத்தேனியம். சிர்க்கோனில் இருப்பது சிர்க்கோனியம். அமுக்க மின்பீங்கானின் உயிர்நாடியான இரு உலோகங்கள் நம் கடற்கரையிலே கிடக்கின்றன! 1957ஆம் ஆண்டிலேயே இதற்கென ஓர் அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஆயினும் இம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்திருக்கிறது.

மணலை அப்படியே அள்ளி உலையில் இட்டுவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். இல்மனைற்றில் இரும்பு கலந்திருக்கிறது. அதை அமிலத்தால் பிரித்துத் தூய தைத்தேனியம் ஈரொட்சைட்டாக்குவது பெரும் வேலை. கழிவைச் சுத்திகரிப்பது அதனினும் பெரும் வேலை. ஆனால் செய்ய முடியாத வேலையன்று. பீங்கானைச் சுடும் கைத்திறனும் நமக்குப் புதிதன்று. மாத்தளையிலே ஜப்பானியர் கூட்டுடன் செய்யப்படும் கோப்பைகள் உலகச் சந்தையிலே விலைபோகின்றன.

இது வெறும் பெருமைப் பேச்சன்று. 2022ஆம் ஆண்டில் நாட்டிலே டொலர் வற்றிய நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் முன்சொன்ன மாணவியின் அக்காள் ஏழாம் மாதக் கர்ப்பிணியாக மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றாள். ஸ்கேன் கருவியின் முனை பழுது, புதியது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், எப்போது வருமென்று தெரியாது என்றார்களாம். தோட்டத்திலிருந்து மூன்று பஸ் மாறி வேறு நகருக்குச் சென்று, ஒருநாட் சம்பளத்தையும் இழந்து, அவள் அந்தச் சோதனையைச் செய்துகொண்டாள். தாயும் சேயும் நலமே. ஆனால் அந்த முனைக்குள் இருந்தது ஒரு நகமளவு பீங்கான் என்று நான் வகுப்பிலே சொன்னபோது, அம்மாணவி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பீங்கான் செய்யத் தெரிந்துவிட்டால் ஸ்கேன் கருவி செய்துவிடலாம் என்று நான் கூறவில்லை. இடையிலே இன்னும் எத்தனையோ படிகள் உண்டு. ஆனால் முதற் படியில் கால் வைக்காதவன் இரண்டாம் படியை எப்படி எட்டுவான்? மேலே சொன்ன முறைகளைப் பாருங்கள். யூரியா, எலுமிச்சைப் புளிப்பு, கறியுப்பு, பக்குவமாக எரித்த தீ. இவற்றுள் எதற்கும் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை. பொறுமையும் கணக்கும் கவனமும் வேண்டும். இவை மலைநாட்டுப் பிள்ளைகளிடம் இல்லாதவையா? பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, சூடு பார்த்துக் காயவைத்து, சல்லடையிலே சலித்துத் தூளின் பருமனுக்கேற்பத் தரம் பிரிக்கும் கலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர்களின் பிள்ளைகள் அல்லவா அவர்கள்? நுண்தூளின் அருமையை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வேண்டியது ஒன்றே. தோட்டத்துப் பாடசாலைகளிலே விஞ்ஞான வகுப்பும், அவ்வகுப்பிலே ஓர் ஆய்வுகூடமும் இருக்க வேண்டும். நான் படித்த காலத்தில் சோதனைக் குழாயைப் படத்தில்தான் பார்த்தேன். என் மாணவர்கள் அதைக் கையிலே பிடிக்க வேண்டும். பெற்றோரும், "பிள்ளை ஏன் லைட்டரைக் கழற்றுகிறான்?" என்று அதட்டாமல் அருகிலே அமர்ந்து பார்க்க வேண்டும்.

நாளைக் காலை அடுப்பை மூட்டும்போது அந்த 'டக்' என்ற ஓசையைச் சற்றே கவனியுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவிலிருந்து போன ஒரு கல் தொடக்கிவைத்த கதை அதிலே ஒலிக்கிறது. அக்கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதும் கை, இப்போது எங்கோ ஒரு லயத்து அறையிலே, குப்பி விளக்கருகே பாடம் எழுதிக்கொண்டிருக்கலாம்.